மேற்கே சிவந்திருந்தது

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் வெள்ளை கேட் போட்ட ஒரு கட்டிடம் இருக்கிறதே, அது நான் கட்டியது. நான் இடம் வாங்கியபோது அங்கே பாம்புக்கும் எனக்கும்தான் வேலை இருந்தது. அதற்கு முன்னால் ஓட்டுக் கொட்டகையில் இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக் தையல் மெஷினோடு தொடங்கியவனும் நான்தான். உள்ளங்கையில் தேங்காயை வைத்துப் பார்த்து மூன்று பேர் தண்ணீர் இல்லை என்று கையை விரித்தார்கள். நான் செருப்புக் காலால் தட்டிக் காட்டிய இடத்தில் போர் போட்டோம், தண்ணீர் வந்தது. ஆங்கிலத்தில் வந்த ஆர்டர் பேப்பரில் படத்தை மட்டும் பார்த்துத் தைத்துக் கப்பல் ஏற்றினேன். ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. சாயப்பட்டறைகள் பூட்டிக் கிடந்த நாட்களில் பாதி ஊர் மூட்டை கட்டியது. நான் கட்டவில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், ஒரு பையனைப் படிக்க வைத்தேன். என் படிப்பு ஆறாம் வகுப்பில் பாதி.

அந்தப் பையன்தான் இப்போது கம்பெனிக்கு ஒரு மலர் போடுகிறான். வழவழப்பான தாள், முழுப் பக்கத்துக்கு என் படம். எழுதுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பியை அமர்த்தியிருக்கிறான். நல்ல எழுத்துக்காரர்தான். நான் கட்டியதை எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கிறார், ஒன்றும் விடவில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் என் அப்பாவைப் பற்றி இப்படி இருக்கிறது: ‘நீலத்தொட்டியில் தந்தையார் செய்த ஒரு கவனக்குறைவால் குடும்பத்துக்கு வந்த அவப்பெயரை, மகன் தன் உழைப்பால் துடைத்தெறிந்தார்.’

தம்பியைக் குறை சொல்ல முடியாது. நாற்பது வருடமாக மேடை கிடைத்த இடத்தில் எல்லாம் மைக்கைப் பிடித்து நான் சொன்னதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். கைதட்டல் வாங்கிக் கொடுத்த வரி அது. இப்போது அதை மாற்ற வேண்டும். அதனால் இதை என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். மற்றதில் கை வைக்க வேண்டாம்.

போன வாரம் ஒரு சாயங்காலம் டவுன் ஆபீசிலிருந்து வீட்டுக்கு நடந்தேன். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து கார் சாவி மகனிடம் இருக்கிறது. டிரைவரை வரச் சொன்னால் வருவான்தான். எதற்கென்று தெரியவில்லை, சொல்லவில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் முழங்கால் முனகியது. பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவில், நடைபாதையில் குவித்த செகண்ட்ஸ் பனியன்களை மிதிக்காமல், மனிதர்களை இடிக்காமல் நடப்பதே ஒரு ஷிப்டு வேலை மாதிரி இருந்தது. நொய்யல் பாலத்துக்கு வந்தபோது மூச்சு வாங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே இரண்டு வடநாட்டுப் பையன்கள், ஏதோ கம்பெனியில் ஷிப்டு முடித்தவர்கள், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு செல்போனை மேற்குப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

“தாத்தா, தோடா சைடு. போட்டோ.”

இந்த ஊரில் என்னை நகரச் சொன்ன ஆள் கடந்த முப்பது வருடத்தில் அவன் ஒருவன்தான். நகர்ந்தேன். நகர்ந்துவிட்டு, எதற்காக நகர்ந்தேன் என்று திரும்பிப் பார்த்தேன்.

வானம் அப்படி இருந்தது. அடியில், கட்டிடங்களின் தலைக்கு மேல், செங்கல் சூளை திறந்த மாதிரி ஒரு சிவப்பு. அதற்கு மேல் பூசணிப்பூ. அதற்கும் மேல் மாதுளை முத்து, பிறகு கத்தரிப்பூ. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ஒரு தையல்கூடத் தெரியவில்லை. சாக்கடையாக ஓடுகிற தண்ணீர்கூட அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நல்ல பட்டுத்துணி மாதிரி கிடந்தது. வானத்தை இந்த ஊரில் நான் பார்க்காதவன் இல்லை. காயப்போட்ட துணிக்கு மழை வந்துவிடுமோ என்று தினமும் பார்த்திருக்கிறேன். மற்றபடி பார்க்க நேரம் இருந்ததில்லை.

கைப்பிடிச் சுவரில் இருந்த என் கையைப் பார்த்தேன். காலையில் போட்ட வெள்ளைச் சட்டை. அது வெள்ளையாக இல்லை. ஆறிப்போன பால் மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது.

“பாலுங்கப்பா” என்றேன். என் வாய்தான் சொன்னது. நான் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. எக்ஸ்போர்ட் என்ற வார்த்தையே ஊருக்கு வராத காலம். திருப்பூர் என்றால் வெள்ளை பனியன், அவ்வளவுதான். அப்பா அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைப் பட்டறையில் நீலம் போடுகிறவராக இருந்தார். மெஷினிலிருந்து அழுக்கு நிறத்தில் வரும் துணியைச் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி அலசி வெள்ளையாக்குவார்கள். ஆனால் அந்த வெள்ளையில் ஒரு மஞ்சள் ஒளிந்திருக்கும். கடைசியாக நீலத்தொட்டியில் முக்கினால்தான் அது போகும். நீலம் குறைந்தால் மஞ்சள், கூடினால் ஊதா. எவ்வளவு போடுவது என்று சொல்ல அளவும் கிடையாது, தராசும் கிடையாது. ஒரு துண்டை முக்கிப் பிழிந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, நீலக்காரர் சொல்வதுதான் முடிவு. அதற்கு முதலாளியும் மறுபேச்சுப் பேச மாட்டார். பட்டறையில் வேலை செய்தவர்களில் சட்டை போட்டுக்கொண்டு நின்றவர் அப்பா ஒருவர்தான்.

எங்கள் வீடு ஊருக்குள்ளே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது. வீட்டிலிருந்து கல்லெறி தூரத்தில் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. ஆனால் அப்பா என்னை அனுப்பர்பாளையத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். காலையில் அவரோடு நடந்து போவேன். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குப் போவேன். வேலை முடிந்து இரண்டு பேரும் நடந்து வருவோம். நடக்கும்போது அவர் கை என் தோளில் இருக்கும். வழியில் ஒரு கடையில் வர்க்கி வாங்கித் தருவார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் யாரும் இப்படிக் கை போட்டு நடக்க மாட்டார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை.

பட்டறையில் எனக்கும் அவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. நான் போய்ப் பையைக் கீழே வைத்ததும் பிழிந்த துண்டை என் முன்னால் விரித்துப் பிடிப்பார்.

“வா சாமி. பாலா, கொக்கா?”

பால் என்றால் இன்னும் மஞ்சள் இருக்கிறது, நீலம் போதவில்லை. கொக்கு என்றால் சரியான வெள்ளை. நீலம் கூடிவிட்டால் அதற்குக் காக்கா என்று பேர். காக்கா வந்ததே கிடையாது. நான் கண்ணைச் சுருக்கிப் பெரிய மனுஷன் மாதிரி பார்த்துவிட்டு, “பாலுங்கப்பா” என்பேன். நீலப்பொடியை முடிந்து வைத்த துணி மூட்டையைத் தண்ணீரில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, புதுத் துண்டை முக்கிப் பிழிந்து மறுபடி காட்டுவார். “கொக்குங்கப்பா!” என்று நான் கத்தியதும், துணியை இறக்கச் சொல்லி ஆட்களுக்குக் குரல் கொடுப்பார். வெயில் சாய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டிய துணியை எல்லாம் நான் வரும்வரை நிறுத்தி வைத்திருப்பார்.

துணி முறுக்கிப் பிழிகிற ஒரு அக்கா இருந்தார். வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்க, இனி பையன் வந்து சொன்னாத்தான் நீலம் போடுவீங்களா? அப்ப கூலியும் அவனுக்கே குடுத்தரச் சொல்லோணுமுங்க.”

“தொழிலு பழகட்டுமுங்க” என்பார் அப்பா.

நானும் அப்படித்தான் நம்பினேன். இந்த ஊரில் பத்து வயதில் நீலம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். இப்போது இதை எழுதும்போதும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பாருங்கள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு விதி உண்டு. மேற்கே சிவந்த பிறகு வெள்ளை பார்க்கக் கூடாது. எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் சரி, பொழுது சிவந்துவிட்டது என்று நான் சொன்னால் துணியை நல்ல தண்ணீரில் ஊறவிட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். காலையில், நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால்தான், மறுபடி பார்ப்பார். விளக்கு வைத்த பிறகு கூட்டிப் பெருக்கக் கூடாது, நகம் வெட்டக் கூடாது என்று அம்மா சொல்வதைப்போல இதுவும் ஒரு சாங்கியம் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பாத்திரப் பட்டறைக்கு வெளியே புதுப் பித்தளைக் குடங்களைப் புளி போட்டுத் தேய்த்து, வரிசையாகக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்கள். மத்தியானம் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. வேடிக்கை பார்க்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் குடங்களின் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் பொன், பிறகு தீ, பிறகு சொல்லத் தெரியாத ஒரு சிவப்பு. குடம் குடமாக, ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு மேற்கு எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். மழை கழுவிவிட்ட வானம். வாயைப் பிளந்துகொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. குடங்களை உள்ளே எடுத்து வைக்க வந்தவர், “ஊட்டுக்குப் போகலியா கண்ணு?” என்று கேட்ட பிறகுதான் அப்பா நினைவே வந்தது.

ஓடினேன். பட்டறையில் அப்பா நீலத்தொட்டி ஓரத்தில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் கிணற்றடியில் கடைசி அலசலில் இருந்தார்கள். தீபாவளிச் சரக்கு. விடிந்ததும் துணி காயப்போட்டிருக்க வேண்டும் என்று முதலாளி மத்தியானமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“ஏஞ் சாமி இவ்வளவு நேரம்?”

“வாத்தியாரு இருக்கச் சொன்னாருங்கப்பா.”

முதல் பொய். அது பெரிதில்லை, எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். அப்பா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“மேக்கால எப்படி இருக்குது கண்ணு? செவந்துருச்சா?”

வாசலுக்கு நேர் எதிரே முழு வானமும் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்னிடம் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் கேட்பதுதானே. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். சிவந்துவிட்டது என்று சொன்னால் எவ்வளவு நேரம் கழித்து வந்தேன் என்பது தெரிந்துவிடும். வாத்தியார் அவ்வளவு நேரம் யாரையும் உட்கார வைக்க மாட்டார்.

“இல்லீங்கப்பா. வெள்ளையாத்தான் இருக்குதுங்க.”

“நல்ல வெளிச்சந்தான?”

“நல்ல வெளிச்சமுங்க.”

அவர் முகத்தில் இருந்த கவலை இறங்கியதைப் பார்த்தேன். துண்டை விரித்துப் பிடித்தார். “பாலா, கொக்கா?”

அந்தத் துணியை நான் பொய்யாகப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பால் மாதிரிதான் இருந்தது. “பாலுங்கப்பா.” மூட்டையை மூன்று சுற்றுச் சுற்றினார். “இன்னும் பாலுங்கப்பா.” பொடி டப்பாவைத் திறந்து மூட்டையில் இன்னும் ஒரு கை போட்டு முடிந்தார். “பாலுதானுங்கப்பா.” ஒரு கணம் யோசித்து நின்றார். துண்டைத் தன் கண்ணுக்குப் பக்கத்தில், மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. “செரி சாமி, நீ சொன்னாச் செரி” என்று சொல்லி இன்னும் ஒரு கை போட்டார். கடைசியில் கொக்கு வந்தது. நான் கத்தினேன். துணி முழுவதும் தொட்டியில் இறங்கியது.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. அப்பாவோடு காலையிலேயே பட்டறைக்குப் போனேன். காயப்போடுகிற காட்டுக்கு நடுவில் முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கொடிக்குக் கொடி துணி ஆடிக்கொண்டிருந்தது. அது வெள்ளை இல்லை. பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற பாவாடை நிறம். ஒரு சரக்கு மொத்தமும் காக்கா.

எங்கள் பக்கம் திட்டும்போதும் மரியாதை குறையாது. அதுதான் இன்னும் வலிக்கும்.

“என்னுங்க இது? நான் பனியன் கேட்டனுங்களா, பாவாடை கேட்டனுங்களா? செவந்த பொழுதுல பாத்தீங்களா? உங்களுக்கு நான் சொல்லித் தரோணுமா?”

அப்பா பக்கத்தில் போய் ஒரு துணியின் முனையைப் பிடித்துத் தடவினார். தடவிப் பார்த்தால் நிறம் தெரியுமா என்று நான் நினைத்தேன். பிறகு தலையைக் குனிந்து சொன்னார்.

“என்ற கண்ணுதானுங்க தப்பு.”

என்னுடைய என்பதை நாங்கள் ‘என்ற’ என்போம். அந்த வீட்டில், அந்த ஊரில், என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தெரிந்து ‘கண்ணு’ என்றால் நான்தான். அப்பா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கிணற்று மேட்டுக்குப் பின்னால் ஓடிப் பதுங்கினேன். யாராவது வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவார்கள் என்று வெகுநேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. எட்டிப் பார்த்தபோது முதலாளி போயிருந்தார். அப்பா சட்டையைக் கழற்றி மடித்துக் கல்லின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

நீலத்தொட்டிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சரக்கை மறுபடி வேகவைத்து, மறுபடி பவுடரில் போட்டார்கள். நீலம் போனது, துணியின் உயிரும் போனது. விரலால் அழுத்தினால் ஓட்டை விழுந்தது. அப்பாவுக்குக் கிணற்றடியிலிருந்து ஈரத்துணி சுமக்கிற வேலை கொடுத்தார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லையே என்று அம்மா சாமிக்கு விளக்குப் போட்டார். பிழிகிற அக்காவுக்கு வாய் அரிப்பு அடங்கவில்லை. “ஏனுங்க நீலமேகம், இன்னைக்கு மழை வருமுங்களா?” என்று கேட்டு வைத்தார். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அப்பா போனபின்பும் போகவில்லை. நான் முதல் மெஷின் வாங்கியபோது, நீலமேகத்து மகன் மெஷின் வாங்கியிருக்கிறான் என்றுதான் ஊரில் பேச்சு. அந்தப் பேரைத் துடைக்கத்தான் ஓடினேன் என்று மேடையில் சொல்வேன். ஓடியது உண்மைதான். அடுத்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டு, பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பையனாகப் போனேன்.

அன்று நான் சொன்ன பொய்தான் காரணம் என்பது எனக்கு இளவட்ட வயதில் புரிந்துவிட்டது. சிவந்த வெளிச்சத்தில் வெள்ளை மஞ்சளாகத் தெரியும் என்று தொழிலுக்கு வந்தவனுக்குத் தெரியாமல் போகுமா? எந்த நேரத்திலும் பகல் வெளிச்சத்தையே காட்டுகிற விளக்குப் பெட்டியை விற்க ஒருவர் வந்தபோது, விலையைக்கூடக் கேட்காமல் வாங்கினேன். எல்லோரும் என்னைப் புத்திசாலி என்றார்கள். நான் என் பொய்யை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவும் தொழில் தெரிந்தவர்தானே, அவருக்கே வானம் தெரிந்திருக்க வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கவனக்குறைவு என்ற வார்த்தை அங்கிருந்துதான் வந்தது.

போன மாதம்வரை அப்படித்தான். இரண்டு வருடமாகக் கம்பெனியில் வெள்ளைச் சரக்கு எல்லாம் மஞ்சளடிக்கிறது என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். செக்கிங்கில் இருக்கிற மதுரைப் பொண்ணு ஒன்று, “சரிங்கய்யா” என்று போய் வேறு துண்டைக் கொண்டுவந்து காட்டும். “இதுதான் வெள்ளை. என் கண்ணை ஏமாற்ற முடியாது” என்பேன். ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்த காலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைப் பார்த்தேன். “கொக்கு” என்றேன். “எங்கீங்க?” என்று வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, புரை விழுந்த கண்ணுக்கு வெள்ளை எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும், முற்றினால் வெளிச்சம் இருப்பது தெரியும், நிறம் தெரியாது என்றார்.

கம்பெனிக்குப் போன முதல் நாள் அந்தப் பொண்ணின் மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே ஒரு கட்டுத் துண்டு. எல்லாம் நீலம் கூடிய காக்கா நிறம்.

“ஐயா, கோவிச்சுக்காதீக. ஒங்களுக்குக் காட்டுறதுக்குன்னே சார் வைக்கச் சொன்னாக. சரக்கு எப்பவும் சரியாத்தான் போச்சு.”

மகனைக் கூப்பிட்டு ஏண்டா என்றேன்.

“உங்க கண்ணு செரியில்லீன்னு எல்லாரு முன்னாடியும் எப்படீங்கப்பா சொல்றது?”

டிராயரை மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். துண்டை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்த அப்பா எதிரே வந்து நின்றார். பவுடர் புகைக்குள் எத்தனையோ வருடம் நின்ற கண்கள். தூரத்துப் பள்ளிக்கூடம், தோளில் கை, பாலா கொக்கா. ஒன்றும் விளையாட்டில்லை.

இதை எல்லாம் கூட்டிப் பார்த்துக்கொண்டுதான் போன வாரம் அந்தப் பாலத்தில் நின்றேன். சரக்கு நீலமானது தெரிந்த அன்று சாயங்காலம் நானும் அப்பாவும் அதே பாலத்தின் மேல்தான் வந்தோம். அவர் சுமை தூக்கிய முதல் நாள். அவர் தோள் கன்றிச் சிவந்திருந்தது. சட்டையைக் கையில் வைத்திருந்தார். மறு கை வழக்கம்போல் என் தோளில். வர்க்கிக் கடையை இரண்டு பேரும் பார்க்காததுபோல் தாண்டிவிட்டோம். பாலத்துக்கு நடுவில் வந்ததும் நின்றார். அலுத்துப்போய் நின்றார் என்றுதான் நினைத்தேன்.

“மேக்கால எப்படி இருக்குது கண்ணு?”

நேற்றைய பொய்யைப் பிடிப்பதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இன்று ஒரு சொல்கூடத் தவறக் கூடாது.

“செவந்துருக்குதுங்கப்பா.”

“எப்படிச் செவப்பு?”

“அடியில சூளையாட்டமுங்க. அதுக்கு மேல பூசணிப்பூவாட்டம்.”

“அப்புறம்?”

“மாதுளையாட்டமுங்க. அதுக்கும் மேல ஊதா. நடுவுல ஒரு மேகம், ஓரமெல்லாம் சரிகை வெச்சாப்பல.”

“அப்புறம்?”

அப்புறம் அப்புறம் என்று விடாமல் கேட்டார். நான் பரீட்சையில் எழுதுகிறவனைப்போல விட்டுப்போகாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் நிறுத்தினேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் திசையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

“நேத்தும் இப்படித்தான் இருந்துருக்கும், ஏங் கண்ணு?”

நான் கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

“செரி சாமி, நட.”

பரீட்சையில் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அது பரீட்சை இல்லை. நாளெல்லாம் சுமந்து அலுத்த மனிதர், வீட்டுக்குப் போகிற வழியில் கொஞ்சம் வானம் பார்த்தார். அவருக்கு இருந்த கண்ணால் பார்த்தார். அது நான்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

எனவே, மலர் எழுதுகிற தம்பிக்கு: இரண்டாம் பக்கத்தை எடுத்துவிடுங்கள். என் அப்பா கவனக்குறைவு செய்தவர் இல்லை. கட்டிடத்துக்கு என் பேர் போட்டிருக்கிறீர்கள், போருக்குப் போட்டிருக்கிறீர்கள், கப்பலேறிய சரக்குக்கும் போட்டிருக்கிறீர்கள். எல்லாம் சரி, நான் செய்ததுதான். அந்த நீலத்துக்கும் என் பேரைப் போட வேண்டும். அன்று மேற்கே சிவந்திருந்தது. வெள்ளை என்று சொன்னது நான். நீலமேகம் என்ற பேர் என்னைச் சேர்ந்தது. அந்தப் பேர் என் படத்துக்குக் கீழே, முழுப் பக்கத்தில், பெரிய எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் மலரே வேண்டாம்.